சிறுத்தையிடம் மன்னிப்புக் கேட்டவர்

அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவருக்குக் கூச்சம் வரும். தன் பெயர் அச்சில் வந்துவிட்டதே என்று அல்ல. இவ்வளவு மோசமாக எழுதுகிறவனின் பெயரும் கூடவே வந்துவிட்டதே, பாவம், என்று எனக்காகக் கூசுவார். அடுத்தவனுக்கு வரவேண்டிய வெட்கத்தை வழியிலேயே மறித்துத் தன் பையில் போட்டுக்கொள்கிற மனிதர் அவர். மொரீஷியஸ் தீவில் நான் தமிழ் வாத்தியாராக இருந்த நான்கு வருஷத்தில் அவர் என் மானத்தை எத்தனை தடவை காப்பாற்றினார் என்று எண்ண ஆரம்பித்தால் கால் விரலும் போதாது.

முதல் தடவை தைப்பூசக் காவடி அன்று. நான் தீவில் வந்து இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. குட்லண்ட்ஸ் கோயில் மண்டபத்தில், இந்தியாவிலிருந்து வந்த தமிழாசிரியர் பேசுவார் என்று சொல்லி மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மனப்பாடம் செய்திருந்த உரையில் மூன்று வாக்கியம் வந்தது. நான்காவது வரவில்லை. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் புரியாது என்ற தைரியத்தில்தான் மேடை ஏறியிருந்தேன். ஆனால் மௌனம் எந்த ஊர்க்காரனுக்கும் புரிந்துவிடுகிறது. காது சிவந்தது. அந்த நொடியில் மைக் செத்தது.

விடுவேனா? வாயை வேகவேகமாக அசைத்து, கையை வீசி, கண்ணைத் துடைத்து, ஐந்து நிமிஷம் சத்தமே இல்லாமல் பேசி முடித்தேன். பலத்த கைதட்டல். "அடடா, இவ்வளவு நல்ல பேச்சு, காதில் விழக் கொடுத்துவைக்கவில்லையே" என்று கோயில் தலைவர் வருத்தப்பட்டார். மேடைக்குப் பின்னால் செருப்பைத் தேடிப் போனபோது, ஒல்லியாக, உயரமாக ஒருவர் சுவரோரம் நின்றிருந்தார். கையில் மைக்கின் பிளக். என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"கரண்ட் போச்சு, மிஸ்யே" என்றார்.

மண்டபத்தில் அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. அந்த ஊரில் வாத்தியாருக்கு மிஸ்யே என்று பெயர். அன்றிலிருந்து நான் அவருக்கு மிஸ்யே, அவர் எனக்கு அண்ணே.

தீவெங்கும் பின்னலாடை ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. கரும்புக் காட்டுக்குப் போன பெண்களின் மகள்கள் விடிகாலை ஆலை பஸ்ஸில் ஏறினார்கள். கடற்கரைப் பக்கம் திரும்பினால் ஹோட்டல் மேல் ஹோட்டல். அண்ணன் குட்லண்ட்ஸில் ஓர் ஆலையில் மெக்கானிக். தையல் இயந்திரம், பின்னல் இயந்திரம் எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சட்டைக் காலரின் உள்பக்கம் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும், அதில் நூல் சுற்றியிருக்கும். அந்த வாரம் ஆலையில் எந்த நிறம் ஓடுகிறதோ அந்த நிற நூல். அவர் காலரைத் திருப்பிப் பார்த்தால் வருகிற குளிர்காலத்தில் ஐரோப்பாவில் என்ன நிற ஸ்வெட்டர் போடப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஊசி எதற்கு என்றால், பஸ்ஸில், கோயிலில், கல்யாண வீட்டில் யாருக்காவது பித்தான் தெறித்தால், தையல் விட்டால், மற்றவர் கண்ணில் படுமுன் ஓரமாக அழைத்துப்போய்த் தைத்துவிடுவார். கிழிந்தவருக்கே சில சமயம் கிழிந்தது தெரியாது.

ஆலையிலும் அதே கதைதான். ஒரு பெண் தூக்கக் கலக்கத்தில் ஸ்வெட்டரின் இடது கையை வலது தோளிலும் வலது கையை இடது தோளிலுமாக ஒரு பெட்டி முழுக்க இணைத்து வைத்துவிட்டாள். சூப்பர்வைசர் கத்திக்கொண்டு வந்தபோது இவர் இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தாராம். "மெஷின் கோளாறு. நேற்றே நான் பார்த்திருக்கணும்" என்று அடியிலிருந்தே குரல் கொடுத்தாராம். எந்தக் கோளாறில் இயந்திரம் இடது வலதை மறக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஆலையில் பெண்கள் யாரும் தப்பே செய்வதில்லை, எல்லாத் தப்பும் இயந்திரம் செய்வதுதான் என்று ஏட்டில் இருக்கும்.

இதை எனக்குச் சொன்னது வசந்தி. சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அதே ஆலையில் செக்கர். முடிந்த துணியை விளக்கடியில் விரித்து, குறை எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. "நான் காலையிலிருந்து மாலைவரை குறையைக் கண்டுபிடிக்கிறேன். அவர் காலையிலிருந்து மாலைவரை மறைக்கிறார். ஒரே கம்பெனி இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுக்கிறது" என்றாள்.

இருவரும் சாயங்காலம் கோயில் மண்டபத்தில் நான் நடத்திய தமிழ் வகுப்புக்கு வந்தார்கள். அங்கே வீட்டில் எல்லாரும் பேசுவது க்ரியோல். தமிழ் என்பது கோயிலில் சாமியோடு பேசுவதற்கென்று எடுத்து வைத்திருக்கிற வெள்ளிப் பாத்திரம். அண்ணனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் சாமிக்குச் சொல்கிற தமிழ்தான். டீ வேண்டுமென்றால், "அருள் செய்து ஒரு டீ" என்பார். பெஞ்சில் தள்ளி உட்காரச் சொல்ல, "மிஸ்யே, கொஞ்சம் இரங்குங்கள்." வசந்தியின் தமிழோ நான் சொல்லிக்கொடுத்தது. அதனால் அச்சடித்த மாதிரி இருக்கும். கோபம் வந்தால் மட்டும் க்ரியோலுக்குத் தாவுவாள். இங்கே இவர்கள் பேசுவதில் பாதியை நான்தான் தமிழாக்கியிருக்கிறேன்.

இரண்டு பேருக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. இரண்டு பேர் என்றால் அண்ணனுக்கும் எனக்கும். ஒரே வாரத்தில் இரண்டு வீட்டுப் பேச்சும் வசந்தியின் தமையனிடம் போய்ச் சேர்ந்தன. அண்ணனுக்காக அவர் அக்கா போய்க் கேட்டாள். எனக்காக நானே போய்க் கேட்டேன், வேறு நாதியில்லை. தமையன் கரும்புத் தோட்டத்தில் சிர்தார். இருபது முப்பது ஆள்களை வேலை வாங்குகிற மேஸ்திரி, உரத்த குரல், நல்ல மனம். "அவளே சொல்லட்டும்" என்றான். அவள், "தீபாவளிக்குள் சொல்கிறேன்" என்றாள்.

இந்த நிலைமையில் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? வகுப்பை ஒழுங்காக நடத்துவான். நான் புலி விட்டேன்.

பாடத்தில் புலி என்ற சொல் வந்தது. வசந்தி முன்வரிசையில் இருந்தாள். "எங்கள் ஊரில் புலி கிணற்றடிக்கே வரும். ஒரு தடவை நானும் என் மாமாவும்..." என்று ஆரம்பித்தேன். ஒரு வாரம் ஓடியது அந்தக் கதை. நான் பிறந்தது மாயவரத்துக்குப் பக்கத்தில். அங்கே நான் பார்த்த ஒரே புலி, திருவிழாவில் உடம்பெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டு ஆடிய எங்கள் தெரு டெய்லர். அவரைக் கண்டும் ஓடியிருக்கிறேன். ஆனால் கடல் கடந்தவன் சொல்லை அங்கே யார் போய்ச் சரிபார்ப்பது? தவிர, இந்தியாவிலிருந்து வருகிறவனுக்கெல்லாம் யோகம், ஜாதகம், பாம்பு, புலி எல்லாம் தெரியும் என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் நான்காம் வருஷத்துப் புரட்டாசி. கரும்பு வெட்டு பாதி முடிந்திருந்தது. அப்போதுதான் வடக்குக் கடற்கரையில் ஒரு ஹோட்டல்காரர், டூரிஸ்ட்டுகளுக்குக் காட்ட ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்திருந்த சிறுத்தை கூண்டைவிட்டு வெளியேறியது. ரிவியேர் டு ராம்பார் போகிற வழியில், தமையனின் ஆள்கள் வெட்டவேண்டிய கரும்புக்குள் புகுந்துவிட்டது. தீவுக் காட்டில் உள்ள கொடிய மிருகம் என்றால் குரங்குதான். ஜனங்களுக்குக் கை கால் ஓடவில்லை. போலீஸ் சுடவேண்டும் என்றது. ஹோட்டல் மானேஜர் உயிரோடு வேண்டும் என்றார். மயக்க ஊசி வெளிநாட்டிலிருந்து வர ஒரு வாரம் ஆகுமாம். ஓர் ஆளும் தோட்டத்தில் இறங்க மறுத்துவிட்டதால் தமையனுக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி.

சனிக்கிழமை வகுப்பில் தமையன் வந்து நின்றான். "நாம ஏன் கவலைப்படணும்? நம்ம மிஸ்யே இருக்கார். இந்தியாவில் எத்தனை புலி பார்த்தவர்!"

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

"இது புலி இல்லை, சிறுத்தை. இரண்டும் வேற வேற துறை" என்றேன்.

"சின்னதுதானே, உங்களுக்கு இன்னும் சுலபம்" என்றான் தமையன்.

கடைசி வரிசையிலிருந்து அண்ணன் எழுந்தார். "பொறிக்கூண்டு நான் செய்றேன். நானும் மிஸ்யே கூடப் போறேன்" என்றார். எனக்குத் துணைக்கு வருகிறாரா போட்டிக்கு வருகிறாரா என்று புரியவில்லை. மறுநாள் காலையில் தலையில் எண்ணெய் தடவி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தபோது போட்டிக்குத்தான் என்று முடிவு கட்டினேன். நானும் சும்மா இல்லை. பொங்கலுக்குத் தைத்த சந்தன நிறக் கால்சட்டை போட்டிருந்தேன். சிறுத்தை பிடிக்கப் போகிறவனுக்குச் சந்தன நிறக் கால்சட்டை எதற்கு என்று கேட்காதீர்கள். திரும்பி வரும்போது நேரே கோயிலில் புரட்டாசி மாசக் கோவிந்தன் விரதச் சைவச் சாப்பாடு, ஊரே இருக்கும், அவளும் இருப்பாள்.

வேனின் பின்பக்கம் கூண்டோடு உட்கார்ந்து போனோம். கூண்டின் கதவை மேலே தூக்கினால் ஒரு கயிற்றில் நிற்கும். கயிறு ஒரு கப்பி வழியாக எட்டத்திலிருக்கும் ஆள் கைக்கு வரும். கயிற்றை விட்டால் கதவு விழும். முந்தின இரவே அவர் ஹோட்டலுக்குப் போய் அளவெடுத்து, சமையல்கட்டில் சிறுத்தைக்குச் சோறு போடுகிற ஆளிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்து, விடியவிடியக் கூண்டைப் பற்றவைத்திருந்தார். அதுதான் அவர் பழக்கம். "மெஷினைத் தொடுறதுக்கு முன்னால அதை ஓட்டுறவளைக் கேக்கணும், மிஸ்யே" என்று எப்போதும் சொல்வார்.

வழியில் திடீரென்று கேட்டார்: "நீங்க பேசினா வசந்தி சிரிக்கிறா. நான் பேசினா கேட்டுக்கிட்டு, முடிஞ்சதும் சரிங்கறா. எது நல்லது, மிஸ்யே?"

"சிரிப்புதான்" என்றேன். நான் எவ்வளவு யோக்கியன் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அவர் தலையசைத்தார். "நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கூண்டுக் கதவுக்கு மறுபடி எண்ணெய் போட்டார்.

கரும்புக் காட்டு நடுவே அந்த ஊர் வழக்கப்படி கருங்கல்லைப் பொறுக்கிக் குவித்திருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு மாமரம். அதன் கீழே கூண்டை இறக்கினோம். மானேஜர் ஜீப்பில் இருந்துகொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பிறகு ஜீப் ரிவர்ஸிலேயே போய்க் கண்ணுக்கு மறைந்தது. நான் தலைமை தாங்கினேன். கூண்டில் ஓர் ஆட்டைக் கட்டச் சொன்னேன். "ஆடு கத்தும், சிறுத்தை வரும். இதுதான் எங்கள் ஊர் முறை." ஆடு கத்தவில்லை. தின்றது, படுத்தது, தூங்கியது. ஒரு மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறியது.

"மிஸ்யே, அருள் செய்து நான் ஒண்ணு சொல்லட்டுமா? அதுக்கு உயிரோட ஆடு தெரியாதாம். குட்டியிலேருந்து ஹோட்டல்தான். காலை ஒன்பது மணிக்குத் தகரத் தட்டைத் தட்டினா உரிச்ச கோழி வரும், அதுதான் தெரியும்னு சமையல்காரர் சொன்னார்."

"இதை ஏன் காலையிலேயே சொல்லவில்லை?"

"நீங்க ஆட்டைப் பத்தி ஜீப்காரர்கிட்டப் பேசிக்கிட்டிருந்தீங்க. அவர் முன்னால எப்படிச் சொல்றது?"

ஆட்டை அவிழ்த்துத் தூரத்தில் கட்டினார். பையிலிருந்து தகரத் தட்டும், இலையில் சுற்றிய கோழியும் வந்தன. கோழியைக் கூண்டின் உள்கோடியில் வைத்தார். கயிற்றின் நுனியை என்னிடம் கொடுத்தார். "நான் கையைக் காட்டினதும் விட்டுடுங்க. அவ்வளவுதான்." ஒன்பது மணிக்குத் தட்டைத் தட்டினார். டங், டங், டங்.

கரும்பு விலகியது. மெஸ்ஸில் மணியடித்ததும் எழுந்து வருகிற பிரம்மச்சாரி மாதிரி, கொட்டாவி விட்டுக்கொண்டு சிறுத்தை வந்தது.

அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்று கோவையாகச் சொல்ல முடியாது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, மாமரத்தில் இரண்டாள் உயரத்தில் இருந்தேன் என்பது. கயிறு என் கையில்தான் இருந்தது. இருந்தது என்ன, அதைக் கிளையோடு சேர்த்து என்னை நானே மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். சிறுத்தை கூண்டுக்குள் போய்விட்டது. அண்ணன் கையைக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மிஸ்யே, கயிறு."

"முடியலை."

"விட்டாப் போதும்."

"கை வரமாட்டேங்குது, அண்ணே!"

கோழி பாதி முடிந்திருந்தது. அவர் ஒரு நிமிஷம் என்னை அண்ணாந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பிறகு மெல்ல நடந்து கூண்டருகே போனார். சிறுத்தைக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை நீளம்தான், கதவோ திறந்திருக்கிறது. சட்டைப் பையிலிருந்து ஆலையில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்தார். சுண்டு விரல் நீளம்கூட இல்லை அது. கப்பிக்குக் கீழே அந்தத் தடிக் கயிற்றை இழை இழையாகக் கத்தரிக்க ஆரம்பித்தார். கிச், கிச், கிச். சிறுத்தை தலையைத் தூக்கியது. இவர் கத்தரிப்பதை நிறுத்தி, பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டார், சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதுபோல. அது மறுபடி குனிந்தது. கிச், கிச். கடைசி இழை அறுந்தது. கதவு விழுந்தது. சுற்றுத் தளர்ந்து, அந்தக் கயிற்றில் சாய்ந்திருந்த நானும் விழுந்தேன்.

சிறுத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கம்பியில் அறைந்து உறுமியது. அண்ணன் கைகூப்பினார். "மன்னிச்சு அருளணும்" என்றார், அதனிடம். பிறகு தார்ப்பாயை எடுத்துக் கூண்டை மூடினார்.

"எதுக்கு அண்ணே மூடறீங்க?"

"இப்ப எல்லாரும் வந்து பார்ப்பாங்க, மிஸ்யே. பிடிபட்ட அன்னிக்கே எதுக்கு அதை எல்லாரும் பார்க்கணும்?"

அப்போதுதான் என் பின்பக்கம் காற்று வாங்குவதை உணர்ந்தேன். தொட்டுப் பார்த்தேன். சந்தன நிறக் கால்சட்டை இடுப்புக்குக் கீழிருந்து தொடைவரை இரண்டாகியிருந்தது. தூரத்தில் ஜீப்பும் தமையனின் ஆள்களும் வருகிற சத்தம் கேட்டது.

"திரும்புங்க. பா பூஸே" என்றார். அசையாதே என்று அர்த்தம். காலரிலிருந்து ஊசி வந்தது. கரும்பு மறைவில், ஊர் வந்து சேருவதற்குள், நின்ற நிலையில் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "மிஸ்யே, அருள் செய்து சட்டையை வெளியே விட்டுக்குங்க. உள்ளே விடாதீங்க." நானும் விட்டேன். ஜனங்கள் ஓடி வந்தார்கள். யாரும் எதுவும் கேட்குமுன் அவரே சொல்லிவிட்டார்: "மிஸ்யேதான் கயிற்றை விட்டார். சரியான நேரம்!"

நான் மறுக்கவில்லை. மறுக்க வாயைத் திறந்தேன், அதற்குள் தூக்கிவிட்டார்கள்.

கோயில் வாசலில் மாலை. அறுந்த கயிற்றைத் தமையன் பொன்னாடைபோல் என் தோளில் சுற்றினான். மானேஜர் போட்டோ எடுக்கக் காமிராவோடு வந்தார். போட்டோ என்றதும் என் கை தானாகச் சட்டையை உள்ளே விட்டது. முன்பக்கம் ஒரு போட்டோ. பிறகு சந்நிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தேன். எனக்குப் பின்னால் பெண்கள் வரிசை. அதில் யாரோ களுக்கென்று சிரித்தாள். பக்திப் பரவசத்தில் நான் பொருட்படுத்தவில்லை.

வாழையிலையில் ஏழு கறி பரிமாறினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டாரத்தில் கோழி சாப்பிட்டது சிறுத்தை ஒன்றுதான். மானேஜர் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு ஒரு நல்ல வேலை வைத்திருப்பதாகச் சொன்னார். தினமும் காலை பத்து மணிக்கு, டூரிஸ்ட்டுகள் முன்னால், தலைப்பாகை கட்டிக்கொண்டு நான் கூண்டுக்குள் போகவேண்டும். போய் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் தெரியுமே" என்றார். பூசணிக்காய்க் கறியை இலை ஓரத்துக்குத் தள்ளிவைத்தேன்.

அப்போது தமையன் எழுந்து தொண்டையைக் கனைத்தான். "எங்க வீட்டு மாப்பிள்ளைன்னா இப்படி ஓர் ஆளா இருக்கணும்னுதான் எனக்கு ஆசை. வசந்தி, எல்லாரும் இருக்காங்க. இன்னும் தீபாவளிவரைக்கும் எதுக்கு?"

வசந்தி சாம்பார் வாளியோடு நின்றாள். அவள் பார்த்தது என்னை இல்லை. மூலையில், கடைசி இலையில் உட்கார்ந்திருந்த அண்ணனை. அவர் தலையைத் தூக்கி, "கொரெக், சரிதான். மிஸ்யே நல்லவர்" என்றார். சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு குனிந்து, வெறும் இலையில் பிசைந்துகொண்டிருந்தார். சோறு தீர்ந்து வெகு நேரமாகியிருந்தது.

எனக்கு ஆயுசு முழுக்க மறக்காத இலை அது. எழுந்துவிட்டேன். மனசாட்சிதான் எழுப்பியது என்று எழுத ஆசை. பாதி மனசாட்சி; மறு பாதி, நாளைக் காலை பத்து மணி.

"நான் மரத்தில் இருந்தேன். கயிற்றை நான் விடவேயில்லை. எனக்குப் புலியும் தெரியாது, பூனையும் தெரியாது. எங்கள் ஊரில் எலிதான்" என்றேன்.

மண்டபமே வெடித்துச் சிரித்தது. "மிஸ்யே எப்பவும் இப்படித்தான்!" என்று தமையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான்கு வருஷம் ஜோக்கடித்ததற்கு அதுதான் தண்டனை. சத்தியமாக என்றேன், இன்னும் சிரித்தார்கள். அண்ணன் அவசரமாக எழுந்து, "விளையாட்டுக்குச் சொல்றார், அடக்கம்" என்று அந்தக் கடைசிக் கதவையும் சாத்தினார்.

வசந்தி வாளியைக் கீழே வைத்தாள்.

"மிஸ்யே, திரும்புங்கள்" என்றாள்.

"எதுக்கு?"

"திரும்புங்கள்."

திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் முதலில் பெண்கள் சிரித்தார்கள், பிறகு ஆண்கள். ஆலையில் துணியை விரித்து வைத்துச் சொல்கிற அதே குரலில் அவள் சொல்லிக்கொண்டு போனாள்: "கிளிப்பச்சை நூல். இந்த வாரம் எங்கள் ஆலையில் ஓடுகிற ஆர்டர். கைத்தையல். ஒரே அளவுத் தையல், கடைசியில் இரட்டை முடிச்சு. இது யார் கை என்று எனக்குத் தெரியும்." அப்படியே முன்னால் வந்து என் சட்டையைப் பார்த்தாள். "நெஞ்சில் மாம்பால் கறை. மரத்தைக் கட்டிப்பிடித்தவருக்குத்தான் இது வரும்." என் தோளிலிருந்த கயிற்றின் நுனியை எடுத்தாள். "கயிற்றை விட்டார் என்றால் இது ஏன் அறுந்திருக்கிறது? பாருங்கள், இழை இழையாக வெட்டு. நூல் கத்தரி."

அண்ணனின் முகம் வெளுத்தது. கத்தரி இருந்த பையை அவர் கை தானாக மூடிக்கொண்டது. "வசந்தி, மிஸ்யே பாவம்..." என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான், அவள் க்ரியோலுக்குத் தாவினாள். "எல்லாருக்கும் பாவம் பார்க்கிறீங்க. அந்தப் பெண்ணுக்குப் பார்த்தீங்க, மிஸ்யேக்குப் பார்த்தீங்க, சிறுத்தைக்கும் தார்ப்பாய் போட்டீங்களாமே! எனக்கு? நான் ஒரு பொய்யைக் கட்டிக்கிட்டுக் காலம் பூரா இருக்கட்டும்னு உங்க இலையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. மெஷினைத் தொடறதுக்கு முன்னால ஓட்டுறவளைக் கேக்கணும்பீங்க. என்னைக் கேட்டீங்களா?"

மற்றவர் வெட்கத்தையெல்லாம் மூட்டை கட்டிச் சுமந்தவருக்கு, தன் வெட்கம் வந்தபோது அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. காதுவரை சிவந்து நின்றார். கடைசியில், "கேக்கலை" என்றார். பிறகு, மெதுவாக, "இப்பக் கேக்கலாமா?" என்றார்.

வசந்தி தன் கைப்பையைத் திறந்தாள். சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, நடந்துபோய், இஸ்திரி போட்ட அந்தச் சட்டையின் பையின்மேல், நெஞ்சுக்கு நேராக ஒட்டினாள்.

"குறை இருக்கிறது" என்றாள் தமிழில். "எக்ஸ்போர்ட் ஆகாது. வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன்."

தமையன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், என் பின்பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு உட்கார்ந்து, "பாயசம் கொண்டா" என்றான்.

எனக்கு வருத்தம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, பாயசம் வரும்வரை. மானேஜர் சத்தமில்லாமல் தன் இலையை மூடிவிட்டு எழுந்து போனதைப் பார்த்ததும் என் தோளிலிருந்து அந்தக் கயிற்றோடு ஒரு மலையும் இறங்கியது. நாளைக் காலை பத்து மணிக்கு நான் பள்ளிக்கூட வகுப்பில் நின்று அ, ஆ சொல்லிக்கொண்டிருப்பேன். அ எதுவும் செய்யாது. ஆவும் அப்படித்தான். இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தக் கால்சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. துணி எல்லாப் பக்கமும் நைந்துவிட்டது. கிளிப்பச்சைத் தையல் மட்டும் ஓர் இழை விடவில்லை.

தை பிறந்ததும் அதே மண்டபத்தில் அவர்கள் கல்யாணம். வாழ்த்திப் பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை எதையும் மனப்பாடம் செய்யவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்வதற்கு மனப்பாடம் எதற்கு? "நண்பர்களே, ஒன்பது மணிக்குத் தட்டைத் தட்டியதும் சிறுத்தை வந்தது. நான் எப்படி ஓடினேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். மூன்று வாக்கியம்தான் போயிருக்கும். மைக் செத்தது.

திரும்பிப் பார்த்தேன். மணவறையில், பட்டு வேட்டியும் மாலையுமாக, ஒன்றுமே தெரியாத முகத்தோடு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். ஒரு கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

வசந்தி அவரைப் பார்க்கவே இல்லை. கையை மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் விட்டு, பிளக்கைப் பிடுங்கி, குனிந்து மறுபடி செருகினாள். மைக் ஒருமுறை கீச்சிட்டு உயிர் பெற்றது.

"சொல்லுங்கள், மிஸ்யே" என்றாள். "மரத்தில் ஏறினீர்கள். அப்புறம்?"